தமிழில் படிச்ச டொக்டர்மார்

மாங்கேணி ஆக்களுக்குக் கொஞ்சம் பெரிய வருத்தம் எண்டால் வாழைச்சேனை. அதுக்கும் மேல எண்டால் மட்டக்களப்பு போதனா வைத்தியசாலை. அங்க தர்ற துண்டில என்ன எழுதிக் கிடக்கு எண்டு நம்மட ஆக்களில எத்தனை பேருக்கு விளங்கும்? மருத்துவம் எண்டாலே இங்கிலீசுதான் எண்டு நாமளும் பழகிட்டம். ஆனா 150 வருசத்துக்கு முதல், இதே இலங்கையில மேலைநாட்டு மருத்துவத்தைத் தமிழிலேயே படிச்சு டொக்டர் ஆனவங்க இருந்தாங்க.

கதை யாழ்ப்பாணத்தில தொடங்குது. அமெரிக்க மிஷனைச் சேர்ந்த ஜோன் ஸ்கடர் 1820இல் பண்டத்தரிப்பில வைத்தியம் பார்க்கத் தொடங்கினார். (1900இல் வேலூரில ஒரு கட்டிலோட தொடங்கி, பிறகு சி.எம்.சி. ஆஸ்பத்திரியா வளர்த்த ஐடா ஸ்கடர் இவருடைய பேத்திதான்.) 1847இல் சாமுவேல் பிஸ்க் கிறீன் வந்தார். வயது 25. அடுத்த வருசமே மானிப்பாயில மருத்துவ நிலையம், அதோட மாணவர்களும். 1850இல் அரச அதிபர் டைக்கின் முயற்சியில யாழ்ப்பாண நகரத்திலயும் நன்கொடையில ஒரு ஆஸ்பத்திரி எழும்பிச்சு. பின்னாளில அரசாங்கம் பொறுப்பெடுத்த அதுதான் இண்டைய யாழ்ப்பாணம் போதனா வைத்தியசாலை.

கிறீன் முதலில இங்கிலீசிலதான் படிப்பிச்சார். படிச்சு முடிச்சவங்க அரசாங்க உத்தியோகம், நல்ல சம்பளம் எண்டு வெளிய போயிருவாங்க. கிராமத்தில வைத்தியர் இல்லாத நிலை அப்படியே கிடந்தது. 1860களில அவர் படிப்பைத் தமிழுக்கு மாத்தினார். மிஷன் வந்தது மதம் பரப்பத்தான், அதை மறைக்கத் தேவையில்லை. ஆனா இந்த முடிவில இருக்கிற புத்தி பெரிசு: படிச்சவன் ஊரில நிக்கவேணும் எண்டால் படிப்பும் ஊர்ப் பாசையில இருக்கவேணும்.

அதுக்குப் புத்தகம் வேணுமே? பிரசவ வைத்தியம் 1857இலேயே வந்திருந்தது. 1867இல் இரண வைத்தியம். 1872இல், உலகம் முழுக்க மருத்துவ மாணவர்கள் படிக்கிற கிறேயின் உடற்கூற்று நூல் ‘மனுஷ அங்காதிபாதம்’ எண்டு தமிழில வந்திச்சு. இரசாயனத்துக்கு அவர் வைச்ச பேர் ‘கெமிஸ்தம்’. கேட்டாச் சிரிப்பு வரும். ஆனா சொல் இல்லை எண்டு அவர் கையைக் கட்டிக்கொண்டு இருக்கேல்ல. மாணவர்களும் தமிழ் அறிஞர்களும் கூட இருந்து மொழிபெயர்த்தாங்க. அறுபதுக்கு மேற்பட்டவங்க அவரிட்ட வைத்தியம் படிச்சிருக்காங்க.

1873இல் உடம்பு முடியாம அமெரிக்கா திரும்பினார். அங்கயிருந்தும் தமிழ்ப் புத்தக வேலையை விடேல்ல. 1884இல் இறந்தார். அவருடைய கல்லறைக் கல்லில தமிழர் எண்ட சொல் இருக்கு.

அவர் போனபிறகு மானிப்பாய் படுத்திட்டு. 1893இல் ஸ்கொட் தம்பதி வந்துதான் திரும்ப எழுப்பினாங்க. கிறீன் ஞாபகார்த்த வைத்தியசாலை எண்ட பேரில இண்டைக்கும் அது நடக்குது. 1898இல் இணுவிலில பெண்களுக்காக மக்லியொட் ஆஸ்பத்திரியும் வந்திச்சு. கட்டிடங்கள் பெருகிச்சு, ஆனா தமிழ் வகுப்பு திரும்ப வரேல்ல. அந்த மிஷன்ட வேலையும் யாழ்ப்பாணத்தோட நிண்டுது. வாவிக்கரைப் பக்கம் ஒரு தமிழ் மருத்துவ வகுப்பு ஒருக்காலும் வந்து சேரேல்ல.