பேசத் தெரிந்த பூதம்

ஃபிராங்கன்ஸ்டைன் என்றதும் திரையில் உறுமும் பூதமே நம் நினைவுக்கு வரும். உண்மையில் அது பூதத்தைப் படைத்த விஞ்ஞானியின் பெயர்.

மேரி ஷெல்லி எழுதிய அந்த ஆங்கில நாவல் 1818-ஆம் ஆண்டு வெளிவந்தது. அதில் வரும் பூதம் பேசும். ஒரு குடிசையின் அருகே ஒளிந்திருந்து, உள்ளே இருப்போர் பேசுவதைக் கேட்டே அது மொழி கற்கிறது, படிக்கவும் பழகுகிறது. இரவில் அக்குடும்பத்துக்கு விறகு சேர்த்து வைக்கிறது. பார்வையற்ற பெரியவர் அதனிடம் பரிவோடு பேசுகிறார். பார்வையுள்ள மகனோ உருவத்தைக் கண்டதும் தடியால் அடிக்கிறான். படைத்தவனும் அதனை முன்பே கைவிட்டவன். இப்படி எங்கும் வெறுக்கப்பட்ட பிறகே அது கொலைக்குத் துணிகிறது.

1931-இல் ஜேம்ஸ் வேல் இயக்கிய படத்தில், போரிஸ் கார்லாஃப் நடித்த பூதத்துக்குப் பேச்சில்லை. விஞ்ஞானியின் உதவியாள் நல்ல மூளையைக் கீழே போட்டுவிட்டு, குற்றவாளி ஒருவனின் மூளையைத் திருடி வருகிறான். அதுவே பூதத்தின் தலையில் வைக்கப்படுகிறது.

இதனால் கதையின் கருத்தே மாறிவிட்டது. பிறர் நடத்திய விதத்தால் கெட்டது என்றது நாவல். பிறவியிலேயே கெட்டது என்று எண்ண இடம் தந்தது படம். கார்லாஃபின் முகம் நம்மை இரங்க வைக்கிறது, உண்மைதான். ஆனால் தன் நியாயத்தைச் சொல்லப் பூதத்துக்கு வாயில்லை. வாயில்லாதவனைப் பற்றிப் பிறர் சொல்வதே கதையாகிவிடும் அல்லவா? ஆகவே, படம் பார்க்கும் நம் பிள்ளைகள் மூலக் கதையையும் தேடிப் படிக்கட்டும்.