கல்லும் ஆறும்

நெல்லைச் சீமைக் கிராமங்களில் இளவட்டக்கல் என்று ஒன்று உண்டு. உருண்டையான, வழுவழுப்பான கல். அதைத் தூக்கித் தோளுக்குப் பின்னால் போட்டவனுக்குத்தான் பெண் என்பார்கள். எங்கள் தஞ்சாவூர் வண்டல் பூமியில் கல்லுக்கு எங்கே போவது? பெரிய கோயிலுக்கே கல் வெளியிலிருந்துதான் வந்தது. எங்களுக்குக் காவேரிதான் இளவட்டக்கல். திருவையாறு புஷ்யமண்டபப் படித்துறையில், புதுவெள்ளம் சுழித்தோடும்போது, "அக்கரைக்குப் போவியாடா?" என்று எவனாவது கேட்பான். அவ்வளவுதான், பரீட்சை ஆரம்பம்.

பிற்பாடு பரீட்சை விசிலுக்கு மாறியது. ஹாரி குரோ பக் என்ற அமெரிக்கர் 1920இல் சென்னையில் ஒய்.எம்.சி.ஏ. உடற்பயிற்சிப் பள்ளியைத் தொடங்கினார். அங்கே தேறியவர்கள் பள்ளிக்கூடங்களுக்கு டிரில் மாஸ்டர்களாகப் போனார்கள். 1959-60இல் மத்திய சர்க்கார் தேசிய உடல்திறன் இயக்கம் என்று ஒன்றை நடத்தி, ஓட்டத்துக்கும் தாண்டலுக்கும் நட்சத்திரம் வழங்கியது. எல்லாம் உடம்பை அளந்தவை. ஓடாமல் ஓரமாக நின்றவன் மனத்தில் என்ன இருந்தது என்று யாரும் கேட்கவில்லை.

அதைக் கேட்டவர் ஆல்பர்ட் பண்டூரா என்ற மனோதத்துவ நிபுணர். 'என்னால் முடியும்' என்ற எண்ணம் நாலு வழியாக வருகிறது என்று 1977இல் எழுதினார். தானே செய்து பார்ப்பது, தன்னைப்போல் ஒருவன் செய்வதைப் பார்ப்பது, பிறர் சொல்லும் தைரியம், நெஞ்சின் படபடப்பு. படித்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது. முன்னால் நீந்திப் போன பெரியப்பா பிள்ளையின் தலையைப் பார்த்துக்கொண்டேதான் நான் ஆற்றைக் கடந்தேன்!

இளம் பிராயத்தினரின் தன்னம்பிக்கை பற்றி 2006இல் வந்த தொகுப்பு ஒன்றில், இதை அளக்கும் முறையையும் அவர் எழுதினார். முதலில் ஒத்திகை: பத்து பவுண்டு முதல் முந்நூறு பவுண்டு வரை எதைத் தூக்க முடியும் என்று எவ்வளவு நிச்சயமாக நம்புகிறாய்? சைபரிலிருந்து நூறுக்குள் மார்க் போடு. அசல் இளவட்டக்கல்தான், தூக்காமலே! பிறகு, களைப்பாக இருக்கும்போதும் மழை நாளிலும் விடாமல் தேகப்பயிற்சி செய்வாயா என்று கேள்விகள்.

அண்ணன் மகளுக்கு அவற்றைத் தமிழில் வாசித்துக் காட்டினேன். களைப்புக்கு எண்பது போட்டாள். மழைக்கு எழுபது. நானாக ஒரு கேள்வி சேர்த்தேன்: "தெருவில் நாலு பேர் பார்த்தால்?"

பத்து என்று எழுதினாள்.

"ஏம்மா?"

"நீங்க ஆத்துல குதிச்சப்போ பார்த்தவங்க என்ன சொன்னாங்க, சித்தப்பா?"

"சபாஷ்னாங்க."

அவள் பேனாவை மூடிவிட்டு உள்ளே போய்விட்டாள்.