ஈயம் இல்லாத சூரிய மின்கலம்: கணினியில் தேடப்படும் புதிய பெரோவ்ஸ்கைட் பொருட்கள்

சூரிய மின்கலத் துறையில் பெரிதும் எதிர்பார்க்கப்படும் பெரோவ்ஸ்கைட் பொருட்களில் நச்சுத்தன்மை கொண்ட ஈயம் கலந்திருப்பது முக்கியக் குறையாகக் கருதப்படுகிறது. ஈயத்திற்கு மாற்றான பொருட்களை, ஆய்வகத்தில் தயாரிப்பதற்கு முன்பே கணினி மூலம் கண்டறியும் ஆய்வுகள் பல நாடுகளில் நடைபெற்று வருகின்றன.

பெரோவ்ஸ்கைட் என்பது என்ன?

ரஷ்யாவின் யூரல் மலைப்பகுதியில் 1839-ம் ஆண்டு கண்டறியப்பட்ட கால்சியம் டைட்டனேட் கனிமத்திற்கு, ரஷ்யக் கனிமவியலாளர் லெவ் பெரோவ்ஸ்கியின் பெயர் சூட்டப்பட்டது. அதே படிக அமைப்பைக் கொண்ட பிற பொருட்களும் தற்போது இப்பெயராலேயே அழைக்கப்படுகின்றன.

ஜப்பான் விஞ்ஞானி சுதோமு மியாசகா தலைமையிலான குழுவினர் 2009-ம் ஆண்டு உருவாக்கிய பெரோவ்ஸ்கைட் மின்கலத்தின் திறன் 3.8 சதவீதமாக இருந்தது. ஆய்வகங்களில் இத்திறன் தற்போது 25 சதவீதத்தைக் கடந்துள்ளது. எனினும், இப்பொருள் ஈரப்பதத்திலும் வெப்பத்திலும் எளிதில் சிதைகிறது. அப்போது ஈயச் சேர்மங்கள் மண்ணிலும் நீரிலும் கலக்கும் அபாயம் உள்ளது.

கணினியின் பங்கு

இப்படிக அமைப்பின் மூன்று இடங்களிலும் வெவ்வேறு தனிமங்களை அமைத்தால் ஆயிரக்கணக்கான சேர்மங்கள் உருவாக வாய்ப்புள்ளது. அனைத்தையும் தயாரித்துச் சோதிப்பது இயலாது. எனவே, அயனிகளின் அளவுகள் ஒன்றோடொன்று பொருந்துகின்றனவா என்பது முதலில் கணக்கிடப்படுகிறது. இதற்கான சூத்திரத்தை விக்டர் கோல்ட்ஷ்மிட் 1926-ம் ஆண்டு வகுத்தார். 2019-ல் வெளியான மேம்பட்ட சூத்திரம், 576 சேர்மங்களில் 92 சதவீதத்தைச் சரியாக வகைப்படுத்தியது.

இதில் தேறும் சேர்மங்களின் நிலைத்தன்மையும், ஒளியை உறிஞ்சும் தன்மையும் குவாண்டம் இயற்பியல் அடிப்படையில் மீத்திறன் கணினிகளில் கணிக்கப்படுகின்றன. இக்கணக்கீடுகளை விரைவுபடுத்த இயந்திரக் கற்றல் முறையும் பயன்படுத்தப்படுகிறது.

கணிப்பும் சோதனையும்

ஈயத்திற்குப் பதிலாக வெள்ளியும் இண்டியமும் கொண்ட பெரோவ்ஸ்கைட்டை ஆக்ஸ்போர்டு பல்கலைக்கழக ஆய்வாளர்கள் கணினியில் கணித்து, 2017-ல் அதனைத் தயாரித்தும் காட்டினர். ஆனால், அதில் எலக்ட்ரானை விடுவிக்க 3.3 எலக்ட்ரான் வோல்ட் ஆற்றல் தேவைப்படுகிறது. சூரிய மின்கலத்திற்கு உகந்த அளவு சுமார் 1.3 மட்டுமே என்பதால், கண்ணுக்குப் புலனாகும் ஒளியிலிருந்து அதனால் மின்சாரம் பெற இயலாது. வெள்ளீயம் கொண்ட பெரோவ்ஸ்கைட்டுகள் ஒளியை நன்கு உறிஞ்சினாலும், காற்றிலுள்ள ஆக்சிஜனுடன் வினைபுரிந்து திறனை இழக்கின்றன.

எந்தப் பொருளைத் தயாரித்துப் பார்க்கலாம், எதைக் கைவிடலாம் என்பதைக் கணினி முன்கூட்டியே தெரிவிப்பதால் காலமும் செலவும் மிச்சமாகின்றன. ஆனால், வீட்டுக் கூரையில் பொருத்தப்படும் சூரியத் தகடு சுமார் 25 ஆண்டுகள் உழைக்க வேண்டும். அத்தகுதியை வெயிலிலும் மழையிலும் நடத்தப்படும் சோதனைகளே உறுதி செய்யும்.