தேநீர் கொடுத்தவர்கள்

புளியங்குடியில் பதினாறாம் நாள் காரியமோ நாற்பதாம் நாள் பாத்திஹாவோ முடிந்ததும் இழவு வீட்டில் கூட்டம் கலைந்துவிடும், துக்கம் கலைவதில்லை. எஞ்சிய துயரைக் கேட்பவர் யார்?

விடை எதிர்பாராத இடத்தில் கிடைத்தது. ஆங்கிலேயப் பாதிரியார் சாட் வாரா 1935இல் நடத்திய முதல் நல்லடக்கம், தற்கொலை செய்துகொண்ட 14 வயதுச் சிறுமியுடையது. 1953இல் லண்டன் தேவாலயமொன்றில், வாழ்வை வெறுத்தோருக்கு ஆலோசனை கூற அமர்ந்தார். காத்திருந்தோருக்குத் தேநீர் தர வந்த தன்னார்வலர்களிடமே பலர் மனந்திறந்தனர். பாதிரியாரைப் பாராமலே தேறித் திரும்பினர். பிறராயின் சினந்திருப்பர். அவரோ மறு ஆண்டே அப்பணியை அத்தன்னார்வலரிடம் ஒப்படைத்தார். (குருமார் வரலாற்றில் இதனினும் பெரிய பணிவை நான் அறியேன்.)

1986இல் மருத்துவர் லட்சுமி விஜயகுமார் சென்னையில் நிறுவிய ‘சிநேகா’வும் அவ்வழியதே. கடும் மனச்சோர்வுக்கு மருத்துவம் இன்றியமையாதது என்பதை மனநல மருத்துவரான அவர் அறியாதவரல்லர். எனினும் அங்கே தொலைபேசியை எடுப்பவர், உபதேசம் செய்யாது செவிமடுக்கப் பயின்ற தன்னார்வலர்.