கல்லில் எழுதிய பெயர்கள்



கசகஸ்தானின் அல்மாட்டியிலிருந்து மேற்கே சாலை வழியாய் ஏறக்குறைய 240 கிலோமீட்டர் சென்றால், கிர்கிஸ்தானின் தலைநகராகிய பிஷ்கேக்கை அடையலாம். இடையே கோர்தாய் என்னுமிடத்தில் நாட்டெல்லை. அங்கே வாகனத்தை விட்டிறங்கி, பெட்டியைத் தூக்கிக்கொண்டு, கடவுச்சீட்டில் முத்திரை பெற்று, சூ ஆற்றைக் கடக்க வேண்டும்.

பிஷ்கேக் பழைய நகரமன்று. 1825-இல் கோகந்து அரசு எழுப்பிய கோட்டையே அதன் தொடக்கம். சோவியத் காலத்தில் ஃப்ரூன்ஸே என்று அழைக்கப்பட்டது; 1991-இல் இன்றைய பெயரைப் பெற்றது. அகன்ற சாலைகளையும், நிழல்தரும் மரங்களையும், தெற்கே பனிமூடிய மலைகளையும் கண்டு திரும்புவோர் பலர். நீங்களோ அந்நகரின் புறத்தேயுள்ள காரா-ஜிகாச் என்ற பழைய கல்லறை நிலத்தையும் நினைத்துப் பாருங்கள்.

1885-ஆம் ஆண்டு முதல் அங்கே சிலுவை பொறித்த கற்கள் நூற்றுக்கணக்கில் வெளிப்பட்டன. அவை கிழக்குத் திருச்சபையைச் சேர்ந்த விசுவாசிகளின் கல்லறைக் கற்கள். பெயர்களில் பல துருக்கியப் பெயர்கள், எழுத்தோ சுரியானி. கேரளத்தின் தோமா கிறிஸ்தவர்கள் தலைமுறை தலைமுறையாய் ஆராதனையில் பயன்படுத்திய அதே சுரியானி! வணிகரும் துறவிகளும் பட்டுப்பாதை வழியே கொண்டுசென்ற சுவிசேஷம் அம்மலையடிவாரத்தில் வேரூன்றியிருந்தது. அதே பள்ளத்தாக்கிலுள்ள ஆக்-பெஷிமில் 8-ஆம் நூற்றாண்டுத் தேவாலயம் ஒன்றின் இடிபாடுகளும் அகழ்ந்தெடுக்கப்பட்டுள்ளன.

இப்பகுதியின் கற்களில் ஆண்டு தெளிவாய்த் தெரிபவை 467. அவை 1248 முதல் 1345 வரை, ஏறக்குறைய நூறாண்டுகளுக்கு உரியவை. ஆனால் அவற்றுள் 118 கற்கள் 1338, 1339 ஆகிய இரண்டே ஆண்டுகளைச் சேர்ந்தவை. சில கற்கள் மரணத்தின் காரணத்தையும் கூறுகின்றன: கொள்ளைநோய். அங்கே புதைக்கப்பட்ட ஏழு பேரின் எச்சங்களை அறிஞர் ஆராய்ந்து, மூவரிடம் பிளேக் கிருமியின் மரபணுவைக் கண்டதாக 2022-இல் அறிவித்தனர். சில ஆண்டுகளுக்குள் ஐரோப்பாவைச் சூறையாடிய கறுப்புச் சாவு அதே கிருமியால் வந்ததே.

பிரியமானவர்களே, அந்தச் சபையின் நிலையை எண்ணிப் பாருங்கள். இன்று ஒருவரை அடக்கம் செய்தவர் நாளை தாமே நோயுற்றிருக்கலாம். ஆயினும் யாரோ ஒருவர் கல்லைத் தேடியெடுத்தார், சிலுவையைப் பொறித்தார், பெயரையும் ஆண்டையும் செதுக்கினார். 2021-இல் நம் கல்லறைத் தோட்டத்தில் நான்கு பேருடன் நின்று அவசரமாய் ஜெபித்து முடித்த நாட்கள் என் நினைவுக்கு வருகின்றன. அன்று சில குடும்பங்களுக்கு நான் போதிய நேரம் கொடுக்கவில்லை. அச்சமே காரணம். அந்தக் கற்கள் என்னைக் கடிந்துகொள்கின்றன.

அத்திருச்சபை அப்பள்ளத்தாக்கிலிருந்து மறைந்துபோயிற்று. ஆலயங்கள் மண்மேடாயின, ஆராதனை ஓய்ந்தது. அங்கே வாழ்ந்த விசுவாசிகளை இன்று நமக்கு அறியச்செய்பவை, மரித்தோரைப் பெயர்சொல்லிக் கனம்பண்ணிய அந்த எளிய கற்களே. நாம் நிலையானவை என்று கட்டுகிறவற்றுள் எது நிலைக்கும் என்பதை நாம் அறியோம். அன்பினால் செய்த சிறு கடமையைக் கர்த்தர் மறப்பதில்லை.

இந்த வாரம் நம் கல்லறைத் தோட்டத்திற்குச் செல்லுங்கள். பார்க்க வருவார் யாருமில்லாத ஒரு கல்லறையின் முன் நின்று, மண்ணைத் துடைத்து, அந்தப் பெயரை ஒருமுறை வாய்விட்டு வாசியுங்கள்.

கர்த்தர்தாமே உங்களை ஆசீர்வதிப்பாராக.