விமானியின் சாளரம்

விமானத்தின் வரலாற்றைச் சொல்ல வந்தோர் இயந்திரத்தின் பெருமையைச் சொல்வர். சிறகின் வடிவத்தை விரித்துரைப்பர். விமானியின் முகத்துக்கு முன்னே நிற்கும் கண்ணாடியைப் பற்றி அதிகம் பேசுவதில்லை. தான் இருப்பதே தெரியாவண்ணம் இருத்தல் வேண்டும் என்பது அக்கண்ணாடிக்குரிய இலக்கணம். அதனாற்றான் போலும், அது வரலாற்றின் பார்வைக்கும் தப்பிவிட்டது.

ஆனால், சிறு விமானமொன்றைத் தம் கையாலேயே கட்டிப் பறக்க விரும்புவோருக்கு இது சிறிய பொருளன்று. தொழிற்சாலைக்குப் பரிசோதனைக் கூடங்கள் உண்டு. வீட்டுக் கொட்டகையிலே தனியே வேலை செய்பவனுக்கு அவை இல்லை. எப்பொருளைத் தெரிவது, அதனை எவ்வடிவிற் பொருத்துவது என்பதை அவனே தீர்மானித்தல் வேண்டும். அவனுக்குத் துணையாக இருப்பது முன்னோர் பெற்ற அனுபவம் ஒன்றே. அந்த அனுபவத்தின் கதையையே இன்று நோக்குவோம்.

1903 ஆம் ஆண்டு டிசம்பர் 17 ஆந் தேதி ரைட் சகோதரர் முதன் முதலாகப் பறந்தபோது விமானிக்கு முன்னால் வெறும் காற்றே இருந்தது. கீழ்ச் சிறகின்மேற் குப்புறப் படுத்தவாறே அவர்கள் விமானத்தைச் செலுத்தினர். வேகம் குறைவாக இருந்தமையால் அதனாற் பெருந் தொல்லை விளையவில்லை. முதலாம் உலகப் போர் வந்தபொழுது நிலைமை மாறியது. அக்காலத்துச் சுழல் இயந்திரங்களிலே மசகாக ஆமணக்கெண்ணெய் பயன்பட்டது. எரிந்தது போக எஞ்சிய எண்ணெய் துளித்துளியாகப் பின்னோக்கித் தெறித்தது. அவ்வெண்ணெயும் கடுங்குளிர்க் காற்றும் விமானியின் கண்களைத் தாக்கவே, முகப்பிற் சிறியதொரு தடுப்பு இன்றியமையாததாயிற்று.

அத்தடுப்பை எதனாற் செய்வது? சாதாரண கண்ணாடி தெளிவானது, ஆனால் பாரமானது. உடைந்தாலோ கத்திபோன்ற துண்டுகளாகச் சிதறும். செலுலோயிட் இலேசானது, வளைத்தால் வளையும், எளிதில் உடையாது. ஆயினும் அது துப்பாக்கிப் பஞ்சின் இனத்தைச் சேர்ந்தது. தீப்பொறி பட்டால் மூண்டெரியும். வெயிலிற் கிடந்தால் மஞ்சள் நிறமும் பற்றும். இவ்விரண்டையும் ஒன்றாக இணைத்தார் பிரான்சு தேசத்து இரசாயனர் எடுவார் பெனடிக்டஸ். இரு கண்ணாடித் தகடுகளுக்கு நடுவே ஒரு செலுலோயிட் தாளை ஒட்டி, உடைந்தாலும் சிதறாத கண்ணாடியை அவர் ஆக்கி, 1909 ஆம் ஆண்டில் அதற்கு உரிமை பதிந்தார். பயனுள்ள ஆக்கமே, எனினும் சிறு விமானத்துக்கு அதன் எடை ஒரு சுமையாகவே இருந்தது.

இச்சிக்கலுக்கு 1930களில் விடை கிடைத்தது. ஜெர்மனியில் ஒட்டோ ரோம் என்பவரின் நிறுவனம் அக்கிரிலிக் என்னும் செயற்கைப் பொருளைப் பளிங்கு போன்ற தகடாக வார்த்து, 1933 இல் பிளெக்ஸிகிளாஸ் என்று பெயரிட்டது. இங்கிலாந்திலே அதே பொருள் பேர்ஸ்பெக்ஸ் என்னும் பெயருடன் வந்தது. கண்ணாடியின் எடையிற் பாதிக்கும் குறைவு. தன்மீது விழும் ஒளியில் நூற்றுக்கு 92 பங்கை உள்ளே விடும். சூடாக்கினால் மெழுகுபோல் இளகி, வேண்டிய வடிவத்தை ஏற்கும். இரண்டாம் உலகப் போரின் விமானங்கள் பலவற்றின் கூரைகள் இதனாலேயே அமைந்தன.

ஆனால், இப்புதிய பொருளும் உடையக் கூடியதே. 1940 ஆம் ஆண்டு ஆகஸ்ட் 15 ஆந் தேதி, ஹரிக்கேன் விமானத்திற் போர் புரிந்த கோர்டன் கிளீவர் என்னும் விமானியின் கூரையை எதிரியின் குண்டு உடைத்தது. சில்லுகள் அவருடைய இரு கண்களிலும் பாய்ந்தன. ஒரு கண் பார்வையை இழந்தது. இத்தகைய விமானிகளைப் பரிசோதித்த இலண்டன் கண் வைத்தியர் ஹரோல்ட் ரிட்லி ஓர் உண்மையைக் கவனித்தார்: கண்ணுள் தங்கிய பேர்ஸ்பெக்ஸ் துண்டுகளைக் கண் அந்நியப் பொருளாகக் கருதி வெறுக்கவில்லை! அதனையே ஆதாரமாகக் கொண்டு, 1949 ஆம் ஆண்டு நவம்பர் 29 ஆந் தேதி, கண்புரை நீக்கிய கண்ணொன்றில் அப்பொருளாற் செய்த வில்லையை அவர் பொருத்தினார். இன்று நம் வீட்டுப் பெரியோர் பலர் புரை நீங்கி மீண்டும் பத்திரிகை வாசிப்பது அன்று தொடங்கிய அம்முறையின் பயனேயாகும்.

போருக்குப் பின்னர் வீட்டில் விமானம் கட்டுவோர் பெருகினர். பிரான்சிலே ஹென்றி மிஞே 1934 ஆம் ஆண்டிலேயே, சாதாரண மக்கள் தாமே கட்டிக்கொள்ளக்கூடிய சிறு விமானமொன்றை விளக்கி நூல் வெளியிட்டிருந்தார். அமெரிக்காவில் போல் பொபரெஸ்னி 1953 இல் இத்தகையோருக்கென ஒரு சங்கம் அமைத்தார். அவ்வாண்டிலேயே, ஜெர்மனியில் ஹெர்மன் ஷ்னெல் என்பவரும் அமெரிக்காவில் டானியல் பொக்ஸ் என்பவரும் தனித்தனியே பொலிகாபனேற்று என்னும் பொருளைக் கண்டனர். சுத்தியலால் அடித்தாலும் எளிதில் உடையாத பொருள் அது.

அத்தகைய உறுதிக்கு வானத்திலே தேவையுண்டு. மணிக்கு 200 கிலோமீற்றர் வேகத்திற் செல்லும் விமானத்தின்மீது ஒரு கிலோகிராம் எடையுள்ள பறவை மோதினால், ஏறக்குறைய 150 மீற்றர் உயரத்திலிருந்து அதே எடையுள்ள கல் விழுந்ததற்கு ஒப்பான தாக்கம் உண்டாகும். அப்படியாயின் எல்லாரும் பொலிகாபனேற்றையே தெரியலாமே எனத் தோன்றும். ஆனால், அது எளிதிற் கீறல் விழும் இயல்பினது. பெற்றோலும் அதன் ஆவியும் பட்டால் வலுவிழந்து வெடிக்கும். எரிபொருட் தாங்கி முகப்புக் கண்ணாடியின் அருகிலேயே அமைந்த சிறு விமானத்தில் இது அற்பக் குறையன்று. ஆகவே, வீட்டில் விமானம் கட்டுவோருட் பலர் இன்றும் அக்கிரிலிக்கையே நாடுகின்றனர்.

வடிவத்திலும் இவ்வாறே ஒன்றைப் பெற ஒன்றை விட வேண்டும். தட்டையான தகட்டை ஒரு பக்கமாக மட்டும் வளைத்துப் பொருத்துவது எளிது, காட்சியும் திரியாது. குமிழ்போல ஊதிச் செய்த கூரை நாற்புறமும் பார்க்க உதவும். ஆயின் அதனைச் செய்யச் சூளையும் கைத்தேர்ச்சியும் வேண்டும். கண்ணாடியை மிகச் சாய்த்து வைத்தால் காற்றின் தடை குறையும். ஆனால் பிம்பங்கள் அதிற் படிந்து பார்வையைக் குழப்பும்.

பொருத்தும் முறையிலும் கவனம் வேண்டும். வெப்பத்தால் அக்கிரிலிக் அலுமினியத்தைப் போல மூன்று மடங்கு விரியும். ஒரு மீற்றர் நீளத் தகட்டில், வெப்பநிலை 40 பாகை மாறினால், இரண்டுக்குமிடையே ஏறத்தாழ 2 மில்லிமீற்றர் வேறுபாடு தோன்றும். திருகாணித் துளைகளைச் சற்றே பெரிதாக விடாதவன் தகட்டை இறுக்கிப் பிடித்தவனாவான். குளிர் நாளொன்றில் அத்துளையிலிருந்தே வெடிப்புக் கிளம்பும். சாதாரண துறப்பண அலகு தகட்டைக் கவ்விப் பிளந்துவிடும். ஆதலால் அலகின் கூர்மையை மழுக்கி, சுரண்டுவதுபோலத் துளைத்தல் வேண்டும். ஓரங்களை மினுக்கி, சிறு கீறலும் இல்லாதபடி செய்தல் வேண்டும்.

நேயர்களே, குறையற்ற பொருளொன்று இதுவரை கிடைக்கவில்லை. ஒவ்வொரு பொருளின் குறையையும் யாரோ ஒருவர் தம் உடலால் அறிந்து உலகுக்குச் சொல்லிச் சென்றிருக்கின்றனர். கொட்டகையில் இருந்து துளையைச் சற்றே அகலமாக்கும் அந்தத் தனிமனிதன் அவர்கள் சொல்லிச் சென்றதைச் செவிமடுக்கின்றான். அவனுடைய பாதுகாப்பு அதிலேதான் தங்கியுள்ளது.