கடவுச்சீட்டு சொல்லாத வயது

திருகோணமலைத் துறைமுகத்தைப் பற்றி எழுதியவர்களுக்குக் குறைவில்லை. போர்த்துக்கேயர் கோணேசர் கோயிலை இடித்து 1624இல் கோட்டை கட்டியதும், 1795இல் ஆங்கிலேயர் அதைப் பிடித்ததும், 1942 ஏப்ரல் 9ஆம் திகதி ஜப்பானிய விமானங்கள் குண்டு போட்டதும், 1957இல் பண்டாரநாயக்க அரசாங்கம் கடற்படைத் தளத்தைப் பொறுப்பேற்றதும் நூல்களில் கிடைக்கின்றன. சீனக்குடாக் காட்டுக்குள் நிற்கும் எண்ணெய்த் தாங்கிகளுக்குக்கூட இலக்கம் உண்டு. 99 தாங்கிகள் மிஞ்சியிருக்கின்றன. ஜப்பானியத் தாக்குதலில் எரிந்தது 91ஆம் இலக்கத் தாங்கி என்று நமது பிள்ளைகளும் சொல்வார்கள். அந்தத் தாங்கிகளுக்குத் தகடு சுமந்தவர்கள் யார் என்று கேட்டால்தான் பதில் தடுமாறும்.

தென்னிந்தியாவிலிருந்து வந்தவர்கள் அதில் இருந்தார்கள். மலையாளக் கரையிலிருந்து வந்தவர்களும் இருந்தார்கள். துறைமுகத்துக்கும் கடற்படைத் தளத்துக்கும் ஆள் தேவைப்பட்டது, அதனால் வந்தார்கள். 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டம் வந்தபோது, உன் தகப்பன் எங்கே பிறந்தான் என்பதற்கு அவர்களிடம் கடதாசி கேட்கப்பட்டது. 1964 ஒக்டோபரில் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம், இலங்கையில் இருந்த இந்திய வம்சாவளியினரில் 525,000 பேர் இந்தியாவுக்கு, 300,000 பேர் இலங்கைக்கு என்று பிரித்தது. மலையகத்தை நினைத்துப் போடப்பட்ட கணக்கு அது. துறைமுகத்துக் கூலிகளையும் சும்மா விடவில்லை. இப்படி அவர்களைப் பற்றி எஞ்சியது எல்லாம் அவர்களிடம் கேட்கப்பட்ட கடதாசியும், அவர்களைப் பங்கு போட்ட கணக்குமே. அவர்கள் வாயால் சொன்னது மிகக் கொஞ்சம்.

1977க்குப் பிறகு, பொருளாதாரம் திறந்துவிடப்பட்டதும் ஓட்டம் மறுபக்கம் திரும்பியது. ஆட்கள் வந்து இறங்கிய மாவட்டத்திலிருந்து ஆட்கள் போகத் தொடங்கினார்கள். கிண்ணியா, மூதூர், தோப்பூர், புல்மோட்டை என்று நமது ஊர்களிலிருந்து பெண்கள் சவூதிக்கும் குவைத்துக்கும் பணிப்பெண்களாகப் போனார்கள். 1985இல் வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகம் சட்டத்தின் மூலம் உருவாயிற்று, பதிவேடுகள் வந்தன. கூலிகளுக்கு நடந்ததுதான் இவர்களுக்கும் நடந்தது. எண்ணிக்கை இருக்கிறது, கடவுச்சீட்டு இருக்கிறது, பேச்சு இல்லை. கடவுச்சீட்டில் இருப்பதும் பல நேரம் உண்மை இல்லை.

இதற்கு நமது மாவட்டம் கொடுத்த விலையை வாசகர்கள் அறிவார்கள். மூதூர் ஷாபி நகரைச் சேர்ந்த ரிஸானா நபீக்கின் பிறப்புச் சான்றிதழில் இருந்த திகதி 1988 பெப்ரவரி 4. கடவுச்சீட்டில் இருந்தது 1982 பெப்ரவரி 2. ஆறு வயது கூட்டி எழுதப்பட்ட கடதாசியோடு 2005 மே மாதம் அவர் சவூதிக்குப் போனார். அந்த மாதமே தவாத்மியில் அவர் பார்த்துக்கொண்ட நான்கு மாதக் குழந்தை இறந்தது. 2007 ஜூன் 16இல் மரண தண்டனை விதிக்கப்பட்டது. 2013 ஜனவரி 9இல் அது நிறைவேற்றப்பட்டது.

தீர்ப்பை ஆராய்வது என் வேலை இல்லை, அதற்கான அறிவும் எனக்கில்லை. வாய்மொழி வரலாற்றில் ஈடுபடுகிறவன் என்ற அளவில் ஒரே ஒரு விடயத்தில் மட்டும் நிற்கிறேன். அவருடைய முதல் வாக்குமூலத்தை மொழிபெயர்த்தவர் அதற்குரிய தகுதி பெற்ற தமிழ் மொழிபெயர்ப்பாளர் அல்ல என்பது மேன்முறையீட்டில் பெரிய வாதமாக எழுந்தது. பின்னர் ரிஸானா அந்த வாக்குமூலத்தை மறுத்தார். போத்தலில் பால் கொடுக்கும்போது குழந்தைக்கு மூச்சடைத்தது என்றார். நமது ஊரில் பிள்ளை பெற்ற எந்தப் பெண்ணிடமும் "பால் புரையேறிட்டு" என்று சொன்னால் போதும், முதுகைத் தட்டக் கை தானாகப் போகும். அதே சொல்லை மூதூர்ப் பேச்சு தெரியாத ஒருவர் கேட்டு, அரபுக்கு மாற்றி, இன்னொருவர் எழுதினால் என்ன மிஞ்சும்? உலகத்தின் கைக்கு வந்து சேர்ந்தது மொழிபெயர்ப்புதான், மூதூர்த் தமிழ் அல்ல. 17 வயதுப் பிள்ளையின் வயதைக் கடவுச்சீட்டும், பேச்சை மொழிபெயர்ப்பும் எடுத்துக்கொண்டன.

அதன் பிறகு விதிகள் மாறின. சவூதிக்குப் பணிப்பெண்ணாகப் போக 25 வயது ஆகவேண்டும் என்று 2013இல் உயர்த்தினார்கள். அதே ஆண்டு குடும்பப் பின்னணி அறிக்கை வந்தது. சிறு பிள்ளைகளின் தாய்மார் போவதைத் தடுக்கவென்று கொண்டுவரப்பட்ட அது, ஏஜென்சிக்காரர்களுக்கு இன்னொரு கடதாசி ஆயிற்று. வயதைக் கூட்டத் தெரிந்தவர்களுக்குப் பிள்ளைகளின் எண்ணிக்கையைக் குறைக்கவும் தெரியும். போன பெண்களைப் பேசவிட்டுக் கேட்பதற்கு மட்டும் யாரும் விதி போடவில்லை.

கேட்டுப் பதிவது என்ற எண்ணம் நமக்குப் புதிதல்ல. 1981 முதல் இயங்கிய மகாவலி சமுதாய வானொலியில், தயாரிப்பாளர்கள் ஒலிப்பதிவுக் கருவியோடு குடியேற்றக் கிராமங்களுக்குப் போய், அங்கேயே நாட்கணக்கில் தங்கி, ஆட்களோடு பேசி நிகழ்ச்சி செய்தார்கள். யுனெஸ்கோவும் டென்மார்க்கும் உதவிய திட்டம் அது. 1989இல் கொத்மலை வந்தது. நல்ல முயற்சிகள்தான், சும்மா சொல்லக்கூடாது. ஆனால் இலங்கையில் சமுதாய வானொலி என்று பெயர் பெற்றவை ஒலிபரப்புக் கூட்டுத்தாபனத்தின் கீழேயே இயங்கின. ஊரவர் நடத்தும் நிலையமாக அவை ஆகவில்லை. திருகோணமலையின் நிலைமை இன்னும் வேடிக்கையானது. ஜெர்மன் வானொலி 1984 முதல் இங்கே அஞ்சல் நிலையம் வைத்து ஆசியா முழுவதற்கும் ஒலிபரப்பியது. எங்கள் தலைக்கு மேலால் பல மொழிகள் போயின, கிண்ணியாவின் குரல் கந்தளாயைக்கூடத் தாண்டவில்லை. கடலுக்கு அந்தப் பக்கம் பாம்பனில், மீனவர்களுக்காக 2016 முதல் கடல் ஓசை என்ற சமுதாய வானொலி இயங்குகிறது. காற்றையும் அலையையும் மீனவரின் பேச்சிலேயே சொல்கிறது. அதை நினைத்தால் எனக்குப் பொறாமைதான்.

வானொலி நிலையம் இல்லாவிட்டாலும் ஒலிப்பதிவுகள் நம்மிடம் இருந்தன என்பதைத் தாமதமாகத்தான் உணர்ந்தோம். கெசட்டுக் கடிதங்களைச் சொல்கிறேன். எண்பதுகளிலும் தொண்ணூறுகளிலும் எழுதத் தெரியாத பெண்களும், எழுதி முடியாத பெண்களும் கெசட்டில் பேசி, ஊருக்கு வருகிற யாரிடமாவது கொடுத்து அனுப்பினார்கள். கேரளத்தில் எஸ்.ஏ. ஜமீலின் துபாய்க் கத்துப் பாட்டு 1977இல் வளைகுடாப் பிரிவைப் பாடிப் புகழ் பெற்றது. நமது பெண்கள் பாடவில்லை, கணக்குச் சொன்னார்கள். நான் கேட்ட கெசட்டுகளில் முதலில் ஸலாம் வரும். பிறகு ஒவ்வொருவராகப் பெயர் சொல்லிச் சுகம் விசாரிப்பு. அதன் பிறகு காசு விபரம்: யாருடைய கடனைக் கொடுக்க வேண்டும், அடகு வைத்த மாலையை எப்போது மீட்க வேண்டும், வீட்டுக்கு எத்தனை கல் இறக்கலாம். நடுவில் ஓரிடத்தில் பேச்சு சட்டென்று நிற்கும், பொத்தானை அமர்த்தும் சத்தம் கேட்கும். மறுபடி தொடங்கும்போது குரல் வேறாக இருக்கும். அந்த இடைவெளியை எந்தப் பதிவேட்டிலும் பார்க்க முடியாது.

அந்த வீட்டுக் கணக்கை நம் வரலாற்றாசிரியர்கள் கவனிக்கவே இல்லை என்பது என் குறை. கிழக்கில் பெண்ணுக்குச் சீதனமாக வீடு கொடுக்கும் வழக்கம் நாம் அறிந்தது. மூத்த மகளுக்கு வீடு கட்ட உம்மா போவார். இளைய மகளுக்குக் கட்ட மூத்தவள் போவாள். நமது ஊர் வரலாறுகளில் பள்ளிவாசல் கட்டியவர்கள், காணி கொடுத்தவர்கள், உலமாக்கள், புலவர்கள் எல்லோரும் இருக்கிறார்கள், இருக்கவும் வேண்டும். ஒரு குறிச்சி முழுவதையும் கல்வீடாக்கிய பெண்கள் அதில் இல்லை. மஹ்ரம் இல்லாமல் போனதற்காக மிம்பரிலிருந்து அவர்களைக் கண்டித்தோம். மார்க்கக் கேள்வி அது, பேசப்படத்தான் வேண்டும். ஆனால் அவர்கள் ஏன் போனார்கள் என்று யாராவது பக்கத்தில் உட்கார்ந்து கேட்டோமா?

கெசட்டுகளில் பெரும்பாலானவை இப்போது இல்லை. சிலவற்றின் மேல் பிள்ளைகள் பாட்டுப் பதிந்துவிட்டார்கள். 2004 டிசம்பர் 26 கிண்ணியாக் கரையோரத்தில் அலுமாரியோடு கொண்டுபோனது நிறைய. 2006 ஓகஸ்டில் மூதூர் மக்கள் உயிரை மட்டும் கையில் பிடித்துக்கொண்டு கந்தளாய்ப் பக்கம் போனபோது கெசட்டை யார் எடுப்பார்? ஒரு தங்கச்சி என்னிடம் சொன்னது: "உம்மா மௌத்தானது ரியாத்தில. ஜனாஸாவையும் பாக்கல்ல. கெசட் ஒண்டு இருந்த, அதுவும் கடலோட போயிட்டு."

அதனால்தான் உயிரோடு இருப்பவர்களிடம் இப்போதே கேட்டுப் பதிய வேண்டும் என்கிறேன். பதியும்போது திகதி கேட்டால் கிடைக்காது. "நீங்க எந்த வருஷம் போனீங்க ராத்தா?" என்று கேட்டால் கடவுச்சீட்டைத் தேடுவார்கள்; அதில் இருப்பது ஏஜென்ட் எழுதியது. "பாலம் வர முந்தியா?" என்று கேட்டால் பதில் உடனே வரும். "பாலம் எங்க மனே, பாதையிலதான் போன. பாதைக்காரன் சல்லியும் வாங்கல்ல." கிண்ணியாப் பாலம் திறந்தது 2009 ஒக்டோபர். சுனாமி, மூதூர் இடம்பெயர்வு, 90 வன்செயல், குவைத் சண்டை என்று அவர்களுக்கென்று ஒரு நாட்காட்டி இருக்கிறது, அதைப் பிடித்துக்கொண்டு போனால் வருடம் தானாக விழும்.

சில நேரம் நாட்காட்டி பிசகும். அந்தப் பிசகும் வரலாறுதான் என்று காட்டியவர் இத்தாலிய ஆய்வாளர் அலெசான்ட்ரோ போர்ட்டெல்லி. தெர்னி நகர உருக்காலைத் தொழிலாளி லூயிஜி திரஸ்துல்லி 1949இல் ஆர்ப்பாட்டம் ஒன்றில் கொல்லப்பட்டார். ஊரவர் பலர் அது 1953இல், ஆட்குறைப்பின்போது நடந்ததாகவே நினைவில் வைத்திருந்தார்கள். எது தங்களை அதிகம் வருத்தியதோ அதோடு மரணத்தைச் சேர்த்துக்கொண்டார்கள் என்கிறார் போர்ட்டெல்லி. நமது பெண்கள் குவைத் சண்டையையும் காத்தான்குடிப் பள்ளிவாசலையும் ஒரே மூச்சில் சொல்லும்போது, கதை குழம்பிவிட்டது என்று முதலில் தோன்றும். ஈராக் குவைத்துக்குள் நுழைந்தது 1990 ஓகஸ்ட் 2. காத்தான்குடிப் பள்ளிவாசல் படுகொலை ஓகஸ்ட் 3. ஒரு நாள்தான் இடைவெளி. அங்கே எசமான் வீட்டை விட்டு ஓடியவர்களுக்கு, ஓடி வந்து சேரவேண்டிய கிழக்கும் எரிந்துகொண்டிருந்தது. இரண்டையும் ஒன்றாகச் சொல்வதில் குழப்பமே இல்லை.

ஒலிபரப்புவதைப் பற்றி எனக்குத் தயக்கம் உண்டு. பதிவது வேறு, பரப்புவது வேறு. சம்பளம் கிடைக்காதது, அடி வாங்கியது, அதற்கும் மேலே நடந்தது எல்லாம் ஊர் கேட்கும்படி போனால் பாதிக்கப்படுவது அவரும் அவருடைய குமர்ப் பிள்ளைகளுமே. அதனால் பெண்களிடம் பெண்களே பதிகிறார்கள்; என் மனைவியும் அவருடைய மாணவிகளும் செய்ததுதான் அதிகம். எனக்குக் கேட்கக் கிடைப்பது சொன்னவர் அனுமதித்த பகுதி மட்டும். பதிந்து முடிந்ததும் அவருக்கே போட்டுக் காட்டுவோம். வேண்டாம் என்ற இடத்தை அழித்துவிடுவோம். பிரதி ஒன்று அவருடைய வீட்டுக்கு, ஒன்று எங்களிடம். வானொலி இல்லாத ஊரில், சம்மதித்தவர்களின் பதிவுகளைப் பாடசாலை மண்டபத்தில் பெண்களை மட்டும் கூட்டிப் போட்டுக் காட்டினோம். கேட்க வந்தவர்களில் சிலர் அங்கேயே தங்கள் கதையைச் சொல்லத் தொடங்கினார்கள்.

மூதூரில் ஒரு மூத்தம்மா இரண்டு மணித்தியாலம் பேசினார். பதினொரு வருடம் ஜித்தாவில் இருந்தவர். முடிவில், இதை ரேடியோவில் போடுவீர்களா என்று கேட்டிருக்கிறார். போடலாமா என்று பிள்ளைகள் திருப்பிக் கேட்டதற்கு, "பேத்திட கலியாணம் முடியட்டும், அதுக்குப் பிறகு போடுங்க. பேரையும் போடுங்க. வயச மட்டும் பாஸ்போட்டப் பாத்து எழுதிடாதீங்க, எனக்கு அப்ப பத்தொம்பது," என்றாராம். அந்தப் பதிவின் உறையில் இப்போது இரண்டு வயதும் எழுதியிருக்கிறது.